மொழியைக் கணினிக்குச் சொல்வதா, கோப்புக்குச் சொல்வதா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் உள்ள ஒரு சிறு அலுவலகத்தில் ஒரே நாளில் எத்தனை மொழிகளில் காகிதம் தயாராகிறது என்று பாருங்கள். சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் கூட்டத் தீர்மானம் தமிழில் இருக்கும். வங்கிக்குப் போகும் கடிதம் ஆங்கிலத்தில். மாவட்ட ஆட்சியருக்கான மனு தமிழில் தொடங்கி, நடுநடுவே சர்வே எண், சட்டத்தின் பெயர், வங்கிக் கிளையின் பெயர் என்று ஆங்கிலத்தைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஏதாவது ஒரு ஹட்டியிலிருந்து (படுகர்களின் ஊர்) விழா அழைப்பிதழ் வந்தால் அது படுக மொழியில், தமிழ் எழுத்தில் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மலையாளமும் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் பெரும்பாலும் ஒரே கணினியில், இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து செய்யும் வேலை.

அந்தக் கணினியில் உள்ள சொற்செயலிக்கு (வேர்ட், லிப்ரே ஆபீஸ் போன்ற எழுதும் மென்பொருளுக்கு) ‘இது தமிழ்’, ‘இது ஆங்கிலம்’ என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது தானாக ஒரு மொழியை வைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். பிறகு நல்ல சொல்லின் கீழெல்லாம் சிவப்பு நெளிகோடு விழும். பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் பிழைதிருத்தியையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. பிழை மலிந்த மனுவை ‘திருத்தி எழுதிக் கொண்டுவாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், அந்த விவசாயி ஒரு நாள் கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு மறுபடியும் ஊட்டிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. சரியான மொழியைச் சொல்லி வைத்திருந்தால் அந்தப் பிழைகளில் பலவற்றைத் தட்டச்சு செய்யும்போதே திரை காட்டிக் கொடுத்திருக்கும்.

மொழியைச் சொல்வதற்குப் பல வழிகள் உண்டு. கணினி முழுமைக்கும் ஒரே மொழி வைக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக வைக்கலாம். பத்திக்குப் பத்தி ஸ்டைல் (எழுத்துரு, அளவு, மொழி எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் வசதி) மூலம் வைக்கலாம். தேர்ந்தெடுத்த வரிகளுக்கு மட்டும் கையால் மாற்றலாம். எதையும் சரிபார்க்க வேண்டாம் என்றும் சொல்லலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் மொழியைக் கோப்போடு கட்டி வைப்பதுதான் சரி என்பது என் முடிவு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சொற்செயலியில் மூன்று மொழிகள் தனித்தனியாக இயங்குகின்றன. மெனுக்கள் தெரியும் மொழி ஒன்று. விசைப்பலகையின் மொழி இன்னொன்று. எழுதிய வாசகம் எந்த மொழி என்று கோப்பில் பதியும் அடையாளம் மூன்றாவது. பிழைதிருத்தி பார்ப்பது இந்த மூன்றாவதை மட்டும்தான். மெனுவைத் தமிழாக்கிவிட்டு, ‘தமிழ் வைத்துவிட்டேன், ஆனாலும் சிவப்புக் கோடு போகவில்லையே’ என்று கேட்பவர்கள் நிறைய. மெனு ஆங்கிலத்திலேயே இருக்கலாம், அதனால் ஒரு நட்டமும் இல்லை.

கணினி முழுமைக்கும் ஒரே மொழி

செய்வதற்கு மிக எளிய வழி இது. லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழி அமைப்புகள் பகுதிக்குப் போனால் ஆவணங்களுக்கான இயல்பு மொழி என்ற இடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ரிவியூ தாவலில் லாங்குவேஜ் என்பதைச் சொடுக்கி, பிழைதிருத்த மொழிக்கான பெட்டியைத் திறந்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, ‘இயல்பாக வை’ என்ற பொருள் தரும் பொத்தானை அழுத்தினால் போதும். அப்போது வேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: நார்மல் டெம்ப்ளேட்டை (புதிய ஆவணங்களுக்கான மாதிரிக் கோப்பை) அடிப்படையாகக் கொண்ட எல்லாப் புதிய ஆவணங்களையும் இது பாதிக்கும், சம்மதமா என்று. பலர் அதைப் படிக்காமலேயே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். வங்கிக் கடிதம் ஒன்றுக்காக ஒருவர் மாற்றிய மொழி, அடுத்து உட்காருபவரின் கூட்டத் தீர்மானத்துக்கும் போய் ஒட்டிக்கொள்வது இப்படித்தான்.

வீட்டில் தனியாக, ஒரே மொழியில் எழுதுபவருக்கு இந்த வழி போதும். தமிழில் மட்டும் கதையோ கட்டுரையோ எழுதுபவர் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம். பொதுக் கணினிக்கு இது ஆகாது. ஒவ்வொருவரும் தன் வசதிக்கு மாற்ற, அடுத்தவர் அதை மீண்டும் மாற்ற, கடைசியில் யார் எதை வைத்தார்கள் என்பதே தெரியாமல் போகும். இன்னொன்றும் உண்டு. இயல்பு மொழியை மாற்றினாலும், ஏற்கெனவே தனியாக மொழி குறிக்கப்பட்ட வாசகம் மாறாது. பழைய கோப்பைத் திறந்து இயல்பு மொழியை எத்தனை முறை மாற்றினாலும் சிவப்புக் கோடு அப்படியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கோப்புக்கு மட்டும்

லிப்ரே ஆபீஸின் அதே பகுதியில், மொழிப் பட்டியல்களுக்குக் கீழே ‘நடப்பு ஆவணத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு சிறு டிக் பெட்டி இருக்கிறது. அதை ஏனோ பலரும் கவனிப்பதில்லை. ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த டிக்கைப் போட்டு, மொழியைத் தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்துக் கோப்பைச் சேமித்தால் மொழி அந்தக் கோப்போடு போய்விடும். அடுத்து உட்காருபவரின் ஆவணங்களை அது தொடாது.

இதே இடத்தில் தமிழுக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் மொழிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய மொழிகள், கிழக்காசிய மொழிகள், சிக்கலான எழுத்தமைப்பு கொண்ட மொழிகள். தமிழ் மூன்றாவது கூட்டத்தில் இருக்கிறது. மலையாளம், கன்னடம், இந்தி, அரபு எல்லாம் அதே கூட்டம்தான். முதல் பட்டியலில் தமிழைத் தேடி, இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. மூன்றாவது வரிசை மங்கலாக இருந்தால் அதற்குரிய டிக்கைப் போட்டதும் திறந்துகொள்ளும்.

இப்படிப் பிரித்து வைத்ததால் நமக்குப் பெரிய நன்மை. ஒரே கோப்புக்கு மேற்கத்திய மொழியாக ஆங்கிலத்தையும் மூன்றாவது வரிசையில் தமிழையும் சேர்த்தே வைக்கலாம். எழுத்தைப் பார்த்தே மென்பொருள் பிரித்துக்கொள்ளும்: ரோமன் எழுத்துக்கு ஆங்கில அகராதி, தமிழ் எழுத்துக்குத் தமிழ் அகராதி. மனுவின் நடுவே வரும் சட்டப் பெயருக்காக எதையும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டியதில்லை. எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்தீர்கள் என்பதையும் அது கேட்பதில்லை. நீலகிரியில் தயாராகும் பெரும்பாலான இருமொழிக் காகிதங்களுக்கு இந்த ஒரே அமைப்பு போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

வேர்டில் நடைமுறை வேறு. தட்டச்சு செய்யும்போது எந்த மொழி விசைப்பலகை இயங்குகிறதோ, அந்த மொழியின் அடையாளத்தை வேர்ட் வாசகத்தின் மேல் போடுகிறது. விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, அதில் தட்டச்சு செய்பவருக்கு இது வசதி. மொழி தானாகவே மாறிக்கொண்டு வரும். ஆனால் நம்மில் பலர் தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சுக் கருவியில் எழுதுகிறோம். அப்போது திரையில் தமிழ் விழுந்தாலும், விண்டோஸின் கணக்கில் ஆங்கில விசைப்பலகைதான் இயங்கிக்கொண்டிருக்கக் கூடும். தமிழ் அடையாளம் விழாமல் போக அது வழிவகுக்கும். இப்படி எழுதிய கோப்பை முடித்ததும் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒருமுறை மொழியைச் சரிபார்ப்பது நல்லது. கீழே நிலைப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும். கர்சரை அந்த வரியில் வைத்துவிட்டு அங்கே பார்த்தால் வேர்ட் அதை என்னவென்று நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் வேர்டில் உண்டு. நீளமான பத்திகளில் அது உதவும். முகவரி, தலைப்பு, அட்டவணைக் கட்டம் போன்ற குறுகிய வரிகளில் தடுமாறும். நம் மனுக்களில் பாதி இடம் முகவரிக்கும் அட்டவணைக்கும்தானே போகிறது.

கூகுள் டாக்ஸில் கோப்பு மெனுவின் கீழேயே மொழி இருக்கிறது. ஆவணத்துக்கு ஒரு மொழி, அவ்வளவுதான். பத்திக்குப் பத்தி மாற்ற இடமில்லை. நாலைந்து பேர் வெவ்வேறு ஊரிலிருந்து ஒரே தீர்மானத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதன் வசதிக்கு ஈடில்லை. ஆனால் இருமொழி மனுவுக்கு அதை நான் முதலில் எடுக்க மாட்டேன். மலையில் இணையமும் ஒரு கேள்விதான். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போதும், கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடிக்கும்போதும், மரம் விழுந்து மின்சாரமும் இணைப்பும் சேர்ந்தே போகும். மனுவுக்கு அன்றைக்குத்தான் கடைசித் தேதியாக இருக்கும்.

எந்த ஆங்கிலம்?

கோப்புக்கு ஆங்கிலம் வைக்கும்போது அமெரிக்க ஆங்கிலமா, பிரிட்டிஷ் ஆங்கிலமா, இந்திய ஆங்கிலமா என்று பட்டியல் நீளும். இதை அலட்சியமாக விடக் கூடாது. தோட்டத் தொழிலாளர்களுக்காக 1951-இல் வந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘லேபர்’ என்ற சொல் இருக்கிறது. நம் சட்டத்தில் அது பிரிட்டிஷ் முறைப்படி ‘ஓ’வுக்குப் பிறகு ‘யு’ சேர்த்து எழுதப்படும். கோப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அந்தச் சரியான சொல்லுக்கே சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்ததைப் பார்த்து அவசரத்தில் ‘யு’வை எடுத்துவிட்டால் சட்டத்தின் பெயரே தவறாகிவிடும். வங்கியில் நாம் எழுதும் ‘செக்’, ‘சென்டர்’, ‘கலர்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அதனால் நம் ஊர்க் கோப்புகளுக்கு இந்திய ஆங்கிலம் அல்லது பிரிட்டிஷ் ஆங்கிலம் வைக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் இந்திய ஆங்கிலத்துக்கும் பிரிட்டிஷ் அகராதிதான் பயன்படுகிறது. எதை வைத்தாலும் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான்.

வெளிநாட்டில் தேயிலை வாங்குபவர் அமெரிக்கராக இருந்தால் அந்த ஒரு கடிதத்துக்கு அமெரிக்க ஆங்கிலம் வையுங்கள். கோப்புக்குக் கோப்பு மொழி வைப்பதன் பயன் இங்கே நன்றாகத் தெரியும்.

ஸ்டைலும் டெம்ப்ளேட்டும்

ஒரே வகைக் காகிதத்தைத் திரும்பத் திரும்பத் தயாரிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. சங்கத் தீர்மானம், பள்ளிச் சுற்றறிக்கை, கிராம சபை அறிவிப்பு போன்றவற்றுக்கு ஒரு மாதிரிக் கோப்பைச் செய்து, அதன் பத்தி ஸ்டைலில் எழுத்துரு, அளவோடு மொழியையும் குறித்து டெம்ப்ளேட்டாகச் சேமிக்க வேண்டும். வேர்டில் ஸ்டைலை மாற்றும் பெட்டியில் ஃபார்மட் பொத்தானின் கீழ் மொழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் ஸ்டைலின் எழுத்துருத் தாவலிலேயே இருக்கிறது. பிறகு யார் உட்கார்ந்தாலும் டெம்ப்ளேட்டைத் திறந்து எழுத வேண்டியதுதான்; மொழி பற்றி நினைக்கவே வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரம் செலவாகும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கோ பையனுக்கோ எதையும் விளக்க வேண்டியிராது என்பதற்காகவே அந்த அரை மணி நேரம் தகும்.

நான்கு மொழி அறிவிப்பில்தான் ஸ்டைலின் அருமை தெரியும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள், வனவிலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு எழுதும் அறிவிப்பு தமிழ், ஆங்கிலம், மலையாளம், கன்னடம் என நான்கிலும் வேண்டும். மேலே சொன்ன மூன்று கூட்டக் கணக்கு இங்கே உதவாது. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் ஒரே கூட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு மொழியைத்தான் வைக்க முடியும். கோப்புக்குத் தமிழ் வைத்தால் மலையாள வரிகளும் தமிழ் அகராதியிடம் போய் நிற்கும். ‘தமிழ்ப் பத்தி’, ‘மலையாளப் பத்தி’, ‘கன்னடப் பத்தி’ என்று மூன்று ஸ்டைல்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய மொழியைக் குறித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. எழுத்துருவையும் ஸ்டைலே கவனித்துக்கொள்வதால், மலையாளம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்ற புகாரும் குறையும்.

வரிகளைத் தேர்ந்தெடுத்து மொழியை மாற்றும் கைவழியும் இருக்கிறது. லிப்ரே ஆபீஸின் டூல்ஸ் மெனுவில் லாங்குவேஜ் என்பதன் கீழ் தேர்ந்தெடுத்த பகுதிக்கு, பத்திக்கு, முழு வாசகத்துக்கு என மூன்றும் தனித்தனியாக உள்ளன. ஒரு மேற்கோள், ஒரு தாவரத்தின் அறிவியல் பெயர் என்று எப்போதாவது வரும் தேவைக்கு அது சரி. இதையே வழக்கமாக்கிக்கொண்டால் கோப்பு ஒட்டுப்போட்ட துணியாகிவிடும். எந்த வரி எந்த மொழியில் நிற்கிறது என்பது எழுதியவருக்கே தெரியாது. வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டும் வாசகமும் இதே வேலையைச் செய்கிறது, ஏனென்றால் அது தன் பழைய மொழி அடையாளத்தையும் கூடவே கொண்டுவருகிறது. வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டும் வசதி இரண்டு மென்பொருளிலும் உண்டு. அதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதும் ஒரு தேர்வுதான்

படுக மொழியில் எழுதிய அழைப்பிதழையும் பாடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் இருந்தாலும் மொழி தமிழ் இல்லை. சொற்செயலிகளோடு அதற்கென்று அகராதி வருவதில்லை. தமிழ் அகராதியைக் கொண்டு சரிபார்த்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு சொல்லும் பிழை என்று காட்டும். தாய்மொழியில் எழுதிய ஒரு பாட்டியின் பாடலைத் திரை முழுக்கச் சிவப்பாக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் மொழிகளுக்கும் இதே நிலைதான். இந்தப் பகுதிகளுக்கு மட்டும் மொழி என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை, சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு ஸ்டைலாக வைத்துக்கொள்வது முறை. உலக மொழிகளுக்கான குறியீட்டுப் பட்டியலில் இந்த மொழிகளுக்குத் தனித்தனிக் குறியீடு இருக்கிறது; படுக மொழிக்கு பி-எஃப்-க்யூ. நாளைக்கு யாராவது அகராதி செய்தால், தனி ஸ்டைலில் வைத்திருக்கும் வாசகத்துக்கு அந்த மொழியை ஒரே மாற்றத்தில் கொடுத்துவிடலாம். தமிழோடு கலந்து கிடந்தால் அது முடியாது.

பழைய எழுத்துருக் கோப்புகள் இதில் வேறொரு வகை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் (யுனிகோட்) தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் கோப்பில் உண்மையாக இருப்பவை ரோமன் எழுத்துகள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த சொல்லின் முதல் எழுத்து கணினிக்குச் சின்ன ‘எம்’. அதனால் தமிழ் அகராதி அதைத் தொடவே தொடாது. ஆங்கில அகராதி எல்லாவற்றுக்கும் கோடு போடும். இவற்றுக்கும் ‘எதுவும் இல்லை’தான் சரி. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சின்ன ‘எம்’ பெரிய ‘எம்’ ஆகி ‘அ’ என்பது ‘ஆ’ ஆகிவிடும். ‘கடிதம்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘குடிதம்’ என்று நிற்கும். ஆட்டோகரெக்ட் பெட்டியைத் திறந்து அந்த டிக்கைத் தனியாக எடுக்க வேண்டும். இன்னும் பல ஆண்டுகள் பயன்படப்போகும் கோப்பு என்றால் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே மேல். மாற்றிய பிறகு மொழியையும் தமிழ் என்று வைக்க மறக்காதீர்கள்.

அடையாளம் பயணிக்கும், அகராதி பயணிக்காது

இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். லிப்ரே ஆபீஸின் ஓடிடி கோப்பும் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொதிகள். உள்ளே ஸ்டைல்களை எழுதி வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில், இந்தப் பத்தி இந்த மொழி என்று சில எழுத்துகளில் குறிப்பு இருக்கிறது. தேயிலை மூட்டையின் மேல் தோட்டத்தின் பெயரையும் ரகத்தையும் எழுதி அனுப்புவது போல அந்தக் குறிப்பு கோப்போடு போகும். அகராதி போகாது. அது ஒவ்வொரு கணினியிலும் தனியாக இருக்க வேண்டிய பொருள்.

கோத்தகிரியில் தமிழ் என்று குறித்து அனுப்பிய கோப்பைக் கோயம்புத்தூர் அச்சகத்தில் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தமிழ் அகராதி இல்லையென்றால் ஒரு சிவப்புக் கோடும் விழாது. அச்சகத்தில் இருப்பவர் ‘கோடே இல்லை, பிழையில்லை’ என்று அச்சுக்குக் கொடுத்துவிடுவார். அங்கே யாருமே சரிபார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அதனால் மொழி வைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மொழிப் பட்டியலில் தமிழ் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஏ-பி-சி எழுத்துகளோடு ஒரு டிக் குறி இருக்கிறதா என்பதை. இருந்தால் சரிபார்க்கும் கருவி இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் வேர்டில் தமிழுக்கான பிழைதிருத்தக் கருவியைப் பதிவிறக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் தமிழ் அகராதியை நீட்சியாகச் சேர்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் இதைச் செய்து முடியுங்கள். ஒரு சிறு சோதனையும் செய்யலாம்: வேண்டுமென்றே ‘தொழிளாலர்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். கோடு விழுந்தால் அகராதி விழித்திருக்கிறது.

மொழி அடையாளம் பிழைதிருத்தத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. ஆங்கிலச் சொற்களை வரியின் ஓரத்தில் முறித்து எழுதும் விதியும் அதைப் பார்த்துத்தான் இயங்குகிறது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதையும் அதிலிருந்து தெரிந்துகொள்கின்றன. பார்வையற்ற ஒருவருக்கு நாம் அனுப்பும் சுற்றறிக்கை தமிழாக ஒலிக்க வேண்டுமென்றால் கோப்பில் அது தமிழ் என்று எழுதியிருக்க வேண்டும். பள்ளிகளும் பஞ்சாயத்து அலுவலகங்களும் இதற்காகவாவது கோப்புக்கு மொழி வைக்க வேண்டும்.

அகராதி எவ்வளவு தூரம் உதவும்?

எல்லாம் சரியாக வைத்த பிறகும் தமிழ்ப் பிழைதிருத்தியிடம் அளவோடு எதிர்பார்க்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற கருவி முதலில் ஹங்கேரிய மொழிக்காகச் செய்யப்பட்டது. அதுவும் தமிழைப் போல ஒட்டுகள் சேர்ந்து நீளும் மொழிதான். இருந்தும், ‘தோட்டத்திலிருந்துதானே’ என்பது போலச் சேர்த்து எழுதும் சொற்களில் தமிழ் அகராதி திணறும். சரியான சொல்லுக்குக் கோடு விழுந்தால் பதறி மாற்ற வேண்டாம்.

பிழை இருந்தும் கோடு விழாத இடம்தான் ஆபத்து. ‘தேயிலை தோட்ட தொழிலாளர் சங்கம்’ என்று எழுதிப் பாருங்கள். தேயிலை சரி, தோட்ட சரி, தொழிலாளர் சரி, சங்கம் சரி. சொல் சொல்லாகப் பார்க்கும் அகராதிக்கு இதில் குறை தெரியாது. ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கம்’ என்று இரண்டு இடத்தில் ஒற்று மிக வேண்டும் என்பது சொற்களுக்கு இடையே இருக்கும் விதி. இதற்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி ஆகிய இணையக் கருவிகள் நல்ல துணை. வாணி எழுத்துப் பிழையையும் நாவி சந்திப் பிழையையும் பார்க்கும். பெயர்ப்பலகை, அழைப்பிதழ், மலர் என்று நாலு பேர் பார்வைக்குப் போகும் எதையும் அவற்றில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஆதார் எண், கைபேசி எண், நோய் விவரம் உள்ள மனுவை மட்டும் எந்த இணையக் கருவியிலும் அப்படியே ஒட்ட வேண்டாம். அந்த வரிகளை நீக்கிவிட்டு மீதியைச் சரிபார்க்கலாம்.

ஊர்ப் பெயர்கள் தனிக் கதை. கட்டபெட்டு, அரவேனு, கூக்கல்தொரை, கோடநாடு எல்லாவற்றுக்கும் கோடு விழ வாய்ப்பு உண்டு. பசுந்தேயிலை, கவாத்து, இண்ட்கோசர்வ் போன்ற தொழில் சொற்களுக்கும் அப்படியே. வலது சொடுக்கில் அகராதியில் சேர்த்துவிட்டால் அந்தக் கணினியில் பிறகு தொல்லை இல்லை. எழுத்துக்கூட்டலை முதலில் உறுதி செய்துகொண்டு சேர்க்க வேண்டும். ‘கோத்தகிரி’யா ‘கோத்தக்கிரி’யா என்று அலுவலகத்துக்குள்ளேயே ஒருமித்து முடிவு செய்யாமல் இரண்டையும் சேர்த்துவிட்டால், பிறகு ஒரே மனுவில் இரண்டும் வந்து நிற்கும். சேர்த்த சொற்கள் அந்தக் கணினியில்தான் தங்கும், கோப்போடு போகாது. சொந்த அகராதிக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது

தனியாக, ஒரே மொழியில் எழுதுபவர் கணினி முழுமைக்கும் வைத்துக்கொள்ளட்டும். பலர் கூடிப் பயன்படுத்தும் சங்க அலுவலகம், பள்ளி, தட்டச்சுக் கடை எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸைத்தான் சொல்வேன். காசில்லை என்பது ஒரு காரணம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்தியில் எழுத்தைப் பார்த்தே பிரித்துக்கொள்வது பெரிய காரணம். கணினியின் இயல்பு மொழியை யாரும் தொடாமல் விட்டுவிட்டு, அன்றாடம் தேவைப்படும் காகிதங்களுக்கு மூன்று நான்கு டெம்ப்ளேட்டுகள் செய்து மேசைத்திரையில் வையுங்கள். வேர்டை விட முடியாதவர்கள் ஸ்டைலில் மொழியைக் குறித்து, விண்டோஸின் தமிழ் விசைப்பலகையைப் பழகிக்கொள்வது நல்லது; 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ் 99 விசையமைப்பு தெரிந்தவர்களுக்கு அதில் சிரமம் இல்லை.

பழைய கோப்புகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு கோப்பு தேவைப்பட்டுத் திறக்கும்போது, புதிய டெம்ப்ளேட்டைத் திறந்து, பழைய வாசகத்தை வடிவமைப்பு இல்லாமல் அதில் ஒட்டி, புதுப் பெயரில் சேமித்துவிடுங்கள்.